வெள்ளம் வடிந்த பிறகு ஊரின் உடல்நலமும் உணவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டம் ஓர் ஆண்டு முழுக்கக் காணும் மழையைவிடக் காயல்பட்டினம் ஒரே நாளில் கண்டது அதிகம். பெயர் வைத்த புயல் எதுவும் இல்லை, குமரிக்கடல் பக்கம் நின்ற ஒரு மேலடுக்கு சுழற்சிதான். தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸில் சுமார் 800 பேர் சிக்கிக்கொண்டதும், பக்கத்துப் புதுக்குடி மக்கள் அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டதும் பலருக்கு நினைவிருக்கும்.

தண்ணீர் வடிந்த பிறகு சில மாதங்கள் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் தன்னார்வலராக இருந்தேன். அப்போது நண்பர்கள் போனில் கேட்ட கேள்விகளையே 2024 இறுதியில் ஃபெஞ்சல் புயலால் தென்பெண்ணை பெருகி விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் மூழ்கியபோதும் கேட்டார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்து பற்றி இங்கே படிப்பதை உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வடிந்துவிட்டது, ரோடு போட்டாயிற்று. இனி என்ன உதவி தேவைப்படும்?

இப்போதுதான் தேவைப்படும். முதல் வாரம் பிரெட்டும் போர்வையும் லாரி லாரியாக வரும். பத்தாம் நாள் லாரிகள் குறையும். வயிற்றுப்போக்கும் எலிக்காய்ச்சலும் தலைகாட்டுவது அந்தச் சமயத்தில்தான். மூன்றாம் வாரம் டெங்கு வரும். ஒன்றரை, இரண்டு மாதம் கழித்துக் குழந்தைகளின் எடை இறங்கும். அதைப் பார்க்க எந்தக் கேமராவும் வராது.

எடை ஏன் இறங்குகிறது? வாழை சாய்ந்தால் வாழைத்தோட்டத்துக் கூலி போகிறது. உப்பளத்தில் தண்ணீர் நின்றால் உப்பளக் கூலி போகிறது. ஆடு, மாடு செத்தால் பாலும் போய், அவசரத்துக்கு விற்கிற சொத்தும் போகிறது. வீட்டில் மூன்று வேளை இரண்டாகிறது. இடையில் குழந்தைக்கு இரண்டு தடவை வயிற்றுப்போக்கு வந்தால் போதும்.

யாரைக் கேட்டுத் தொடங்குவது?

ஊரில் ஏற்கெனவே இந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவர்களை. கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி டீச்சர், மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர் அக்கா, தண்ணீர்த் தொட்டி டேங்க் ஆபரேட்டர், தூய்மைக் காவலர். எந்த வீட்டில் நிறைமாதம், எந்த ஆச்சிக்கு இன்சுலின், எந்தக் குழந்தை போன மாதமே மெலிந்திருந்தது என்பதெல்லாம் இவர்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வரும் குழு ஒரு வாரம் கணக்கெடுத்தாலும் அது கிடைக்காது.

ஆனால் இவர்கள் வீட்டுக்குள்ளும் அதே தண்ணீர்தான் புகுந்திருக்கும். இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். கர்ப்பிணிகள் பட்டியல் கேட்டு ஒரு செவிலியரின் வீட்டுக்குப் போனோம். அவர் முழங்கால் அளவு சேற்றை அள்ளிக்கொண்டிருந்தார். பீரோ கவிழ்ந்து கிடந்தது, பிள்ளைகளின் புத்தகங்கள் கூழாகியிருந்தன. "ரெண்டு நாள் பொறுங்க தம்பி, வர்றேன்" என்றார், குரலே எழவில்லை. நாங்கள் நாலு பேர் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு மதியம் வரை அந்த வீட்டைக் கழுவினோம். மாலையில் அவரே எங்களோடு நடந்து வந்து பதினேழு கர்ப்பிணிகளின் வீட்டைக் காட்டினார். பட்டியல் நனைந்து போயிருந்தது. அவருக்கு எல்லாமே மனப்பாடம்.

ஒரு துணை சுகாதார நிலையம் சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு என்பது கணக்கு. அந்த ஒரு செவிலியரை ஒரு வாரம் முன்னதாக வேலைக்குத் திரும்ப வைத்தால் 5,000 பேருக்கு உதவியதாகும். அவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள். வீட்டைக் கழுவ ஆள், ஸ்கூட்டி எஞ்சினில் புகுந்த தண்ணீரை எடுக்க மெக்கானிக், பெட்ரோல், வேலை செய்கிற ஒரு செல்போன், டார்ச், ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டு.

அங்கன்வாடிக்கு என்ன செய்யலாம்?

கையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் அதை அங்கன்வாடியில் செலவிடுங்கள். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேல் அங்கன்வாடிகள் உள்ளன. மதியச் சோறு, வாரத்தில் மூன்று நாள் முட்டை, கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சத்துமாவு எல்லாம் அங்கேதான். அது பூட்டிக் கிடந்தால் ஏழை வீட்டுக் குழந்தைக்கு நாளின் நல்ல சாப்பாடு போகிறது. அம்மா குழந்தையை விட்டுவிட்டுச் சேறு அள்ளவோ கூலிக்கோ போகவும் முடியாது.

முதலில் கம்பால் தட்டிப் பார்த்து உள்ளே நுழையுங்கள், மூலையிலும் அடுப்படியிலும் பாம்பு ஒதுங்கியிருக்கும். எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயின் சுவிட்சைப் போடாதீர்கள். வண்டல் ஈரமாக இருக்கும்போதே வழித்துத் தள்ளுங்கள். காய்ந்துவிட்டால் சிமெண்டு மாதிரி பிடித்துக்கொள்ளும். கழுவி முடித்துப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்து, ஜன்னலைத் திறந்து இரண்டு நாள் காயவிடுங்கள்.

நனைந்த அரிசி, பருப்பு, சத்துமாவு எதையும் "வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும்" என்று வைத்துக்கொள்ள வேண்டாம், பூசணம் உள்ளே இறங்கியிருக்கும். போட்டோ எடுத்து, டீச்சர் பதிவேட்டில் எழுதிய பிறகு அப்புறப்படுத்துங்கள். அந்தப் பதிவு இல்லாவிட்டால் பின்னால் அவர்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

அரிசி, பருப்பு, சத்துமாவு அரசு வழியாகத் திரும்ப வந்துவிடும். தாமதமாவது மற்றவை: குக்கர், தட்டு, தம்ளர், மூடியுள்ள தண்ணீர் டிரம், பாய், அடுப்பு, பொம்மைகள். வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எது வருகிறது, எது வராது என்று கேட்டுவிட்டு வராததை வாங்குங்கள். கட்டடமே விரிசல் விட்டிருந்தால் கோயில் மண்டபம், பள்ளிவாசல் கூடம், சர்ச் வளாகம், பள்ளித் தாழ்வாரம் என்று ஏதாவது ஓரிடத்தில் மறுநாளே தொடங்கலாம். காயல்பட்டினத்திலிருந்து ஏரல் வரை எல்லா ஊரிலும் அப்படி ஒரு கூடம் இருக்கிறது, கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

எடை மெஷினை மறந்துவிடாதீர்கள். தண்ணீரில் ஊறிய தராசு தப்பாகக் காட்டும். கடையில் பிரிக்காத ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துப் பாருங்கள். ஐந்து காட்டாவிட்டால் அந்தத் தராசில் குழந்தையை நிறுத்தக் கூடாது.

குழந்தைகளுக்குப் பால் பவுடரும் புட்டியும் அனுப்பட்டுமா?

வேண்டாம், அனுப்பவே வேண்டாம். நல்ல மனதோடு செய்யப்படுகிற உதவிகளில் அதிகக் கெடுதல் செய்வது இதுதான் என்பது என் கருத்து. சுத்தமான தண்ணீர் இல்லாத ஊரில், புட்டியைக் கொதிக்க வைக்க அடுப்பு இல்லாத வீட்டில், பால் பவுடர் நேரே வயிற்றுப்போக்கில் போய் முடியும். இரண்டு வாரம் பவுடர் குடித்த குழந்தை மார்பைச் சரியாகச் சப்பாது, அம்மாவுக்குப் பால் குறையும். அப்புறம் இலவச டப்பா தீர்ந்துவிடும். கூலி இல்லாத வீடு கடையில் வாங்க வேண்டும், அல்லது தண்ணீர் கூட்டிக் கலக்க வேண்டும்.

சட்டமும் இதைத் தடுக்கிறது. குழந்தைகளுக்கான பால் மாற்றுப் பொருட்கள், பால் புட்டிகள் பற்றிய 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனாதை இல்லங்களுக்குத் தவிர வேறு யாருக்கும் இவற்றை இலவசமாக வழங்கக் கூடாது.

"அதிர்ச்சியில் பால் வற்றிவிட்டது" என்று அம்மாக்கள் சொல்வார்கள். பயத்திலும் களைப்பிலும் பால் இறங்குவது கொஞ்ச நேரம் தடைபடலாம். குழந்தை அடிக்கடி சப்பினால் திரும்ப வரும். முகாமில் பத்து ஆண்கள் பார்க்க ஓர் அம்மா எப்படிப் பால் கொடுப்பார்? இரண்டு சேலையைக் கட்டி ஒரு மறைப்பு, உட்காரச் சாய்மானம், குடிக்கத் தண்ணீர், அவருக்கு வயிறாரச் சாப்பாடு, பக்கத்தில் பிள்ளை பெற்று வளர்த்த ஓர் ஆச்சி. இவ்வளவும் இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அம்மா இல்லாத, அல்லது அம்மா மருத்துவமனையில் இருக்கிற குழந்தைக்கு மருத்துவர் சொல்லித்தான் மாற்றுப்பால். அதையும் பாலாடையிலோ சங்கிலோ கொடுப்பதுதான் பாதுகாப்பு. அவற்றைக் கழுவுவது எளிது.

அப்படியானால் நிவாரணப் பையில் என்ன வைப்பது?

முதல் நாலைந்து நாள் அடுப்பு எரியாது. சிலிண்டர் மிதந்து போயிருக்கும், விறகு நனைந்திருக்கும். அதனால் சமைக்காமல் தின்னக்கூடியவை: அவல், பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, பேரீச்சம்பழம், வாழைப்பழம். கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் உடன்குடிக் கருப்பட்டியும் அதே மாவட்டத்துச் சரக்கு. உள்ளூரில் வாங்கினால் அந்தக் கடைக்காரரும் எழுந்திருப்பார்.

அடுப்பு வந்த பிறகு பருப்பு, பாசிப்பயறு, எண்ணெய், முட்டை, அயோடின் உப்பு. அரிசி ரேஷனில் வரும். அரிசியையே எல்லாரும் கொண்டு வந்து குவித்ததில் பருப்புக்குத்தான் வீடுகள் தவித்தன. ஒரு நாளைக்கு ஒருவருக்குச் சராசரியாக 2,100 கலோரி என்பது நிவாரணக் கணக்கு. அதை வெறும் சோற்றால் நிரப்பினால் பசி அடங்கும், குழந்தை வளராது.

பிஸ்கட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எல்லாரும் பிஸ்கட் கொண்டு வருவார்கள். இரண்டு வயதுப் பிள்ளை நாள் முழுக்க அதையே தின்றுவிட்டுச் சோறு வேண்டாம் என்று படுத்துவிடும். அம்மாவும் சேறு அள்ளும் அவசரத்தில் அதையே கையில் கொடுப்பார். பிஸ்கட்டுக்குப் போகிற காசைக் கடலைக்கும் முட்டைக்கும் திருப்புங்கள்.

இன்னும் சில: சோப்பு, சானிட்டரி நாப்கின், மாற்று உள்ளாடை, மூடியுள்ள குடம், பல் துலக்கப் பொருட்கள். நாப்கினைக் கேட்கப் பெண்கள் கூச்சப்படுவார்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

குடிதண்ணீரை எப்படிச் சரிசெய்வது?

தாமிரபரணிக் கரை ஊர்கள் பலவற்றுக்கு ஆற்றுக்குள் இருக்கும் உறைகிணறுகளிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் வருகிறது. 2023 வெள்ளம் அந்தக் கிணறுகளையும் குழாய்களையும் சேதப்படுத்தியது. ஊரைச் சுற்றி ஆள் உயரத்துக்குத் தண்ணீர், குடிக்க ஒரு செம்பு இல்லை. லாரித் தண்ணீர்தான் வந்தது.

லாரித் தண்ணீரோ தொட்டித் தண்ணீரோ, குழாயில் பிடிக்கும்போது எஞ்சியிருக்கும் குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். டேங்க் ஆபரேட்டரிடம் குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு சொட்டு மருந்து விட்டால் தண்ணீர் மஞ்சளாகும், நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். அந்த மருந்துக் குப்பி தீர்ந்து போயிருப்பதுதான் வழக்கம், அதை வாங்கிக் கொடுத்தாலே பெரிய உதவி.

வீட்டுக் கிணறு என்றால் முதலில் இறைத்துச் சேற்றை எடுக்க வேண்டும். பிறகு தண்ணீரின் அளவைக் கணக்கிடுங்கள். விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, நீர் ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, நாலால் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும். ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். மூன்று மீட்டர் விட்டமும் நாலு மீட்டர் தண்ணீரும் உள்ள கிணற்றில் சுமார் 28,000 லிட்டர். சாதாரண நாளில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்று 70 கிராம் போதும். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இது பற்றாது. சோதித்துப் பார்த்து 0.5 வரும்வரை கூட்ட வேண்டும். பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் கூழாகக் கரைத்து, மேலும் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் கிணற்றில் சேருங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பை வெளியே கொட்டிவிடலாம். ஒரு மணி நேரம் கழித்துத்தான் குடிக்கலாம். மூட்டை பழையதாகவோ ஈரம் பட்டதாகவோ இருந்தால் வீரியம் இருக்காது.

தண்ணீர் கலங்கலாக இருந்தால் குளோரின் சரியாக வேலை செய்யாது. முதலில் தெளியவைத்து, மடித்த வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். வீட்டில் செய்யக் கூடிய எளிய வழி காய்ச்சிக் குடிப்பதுதான். தளதளவென்று கொதிக்க வேண்டும், சுட்டால் மட்டும் போதாது.

வயிற்றுப்போக்கு வந்தால்?

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் என்று பிரித்துப் போடக் கூடாது, உப்பின் அளவு மாறிவிடும். 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கவும் கூடாது. பொட்டலம் கிடைக்காத இரவில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரை 14 நாள் கொடுப்பார்கள்: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10. மூன்றாம் நாளே போக்கு நின்றுவிடும், மாத்திரையும் நின்றுவிடும். அந்த 14 நாளையும் முடிக்க வைப்பது தன்னார்வலர் செய்யக்கூடிய வேலை. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தவே கூடாது.

கண் குழிந்து, சிறுநீர் போகாமல், குழந்தை துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே 108. ஒரே தெருவில் பல பேருக்கு ஒன்றாக வந்தால் சுகாதார ஆய்வாளருக்குச் சொல்லுங்கள். குழாய் எங்கோ உடைந்து சாக்கடை கலந்திருக்கும்.

எலிக்காய்ச்சலுக்கு எல்லாருக்கும் மாத்திரை கொடுக்கலாமா?

நீங்களாகக் கொடுக்காதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத் தண்ணீரும் சேறும் காலில் உள்ள வெடிப்பு வழியே கிருமியை உள்ளே விடும். கேரளத்தில் 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு இது பரவி உயிர்கள் போயின. தண்ணீரில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு டாக்சிசைக்ளின் கொடுக்கும் வழக்கம் உண்டு. பெரியவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கும் கூடாது. யாருக்கு, எத்தனை வாரம் என்பதைச் சுகாதாரத் துறை முடிவு செய்யும். நீங்கள் செய்யக்கூடியது, சேறு அள்ளுகிறவர்களுக்குப் பூட்ஸும் கையுறையும் வாங்கித் தருவது. தூய்மைப் பணியாளர்கள் வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்தும் மற்றவர்களுக்குப் பிரியாணிப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போகிறோமே, அது தப்பு.

காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைவு இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

டெங்கு எப்போது வரும்?

வெள்ளம் முதலில் கொசு முட்டைகளை அடித்துக்கொண்டு போகும். இரண்டு மூன்று வாரத்தில் கொசு திரும்ப வரும். ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், வீட்டில் பிடித்து வைத்த நல்ல தண்ணீர் போதும். குழாய் உடைந்த ஊரில் லாரித் தண்ணீரை டிரம் டிரமாகப் பிடித்து வைப்பார்கள், மூடி இருக்காது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை டிரம்மைக் கவிழ்த்துத் தேங்காய் நாரால் தேய்த்தால் போதும். நாங்கள் கொடுத்தவற்றில் உருப்படியானது, டிரம் வாய்க்கு அளவெடுத்து எலாஸ்டிக் வைத்துத் தைத்த துணி மூடி. ஊர்த் தையல்கார அக்காக்களே தைத்தார்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வேண்டாம்.

சுகர், பிரஷர் மாத்திரை அடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு?

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். அந்தத் தன்னார்வலரின் கையில் இவர்களின் பட்டியல் இருக்கும், அதை வைத்து வீடு வீடாகப் போங்கள். வலிப்பு மாத்திரை, மனநல மாத்திரை, காசநோய் மாத்திரை, டயாலிசிஸ் இந்த நாலையும் குறிப்பாகக் கேளுங்கள். ஒரு நாள் விட்டாலும் ஆபத்தானவை இவற்றில் உண்டு. வெளியே சொல்லவும் தயங்குவார்கள்.

கரண்ட் இல்லாத வீட்டில் இன்சுலினுக்கு மண்பானை நல்லது. பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சின்ன மண் கலயம், அதற்குள் பிளாஸ்டிக் உறையில் இட்ட மருந்து, மேலே ஈரத் துணி. வெள்ளத்தில் நனைந்த மாத்திரை அட்டையைத் துடைத்துப் பயன்படுத்த வேண்டாம். ஆனால் தூக்கியெறியுமுன் போட்டோ எடுங்கள். மருந்தின் பெயர் அதில்தான் இருக்கிறது.

மருத்துவ முகாம் நடத்த வருகிறோம். சரிதானே?

ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சேர்ந்து நடத்தினால் சரி. தனியாக வேண்டாம். நாங்கள் இரண்டாம் வாரம் அப்படி ஒன்று தனியாக நடத்தினோம். கூட்டம் வந்தது, மாத்திரை தீர்ந்தது, கைதட்டி அனுப்பினார்கள். யாருக்கு என்ன கொடுத்தோம் என்று சீட்டு எழுதித் தரவில்லை. பத்து நாள் கழித்து ஓர் ஆச்சி தலைசுற்றி விழுந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த பிரஷர் மாத்திரையும் நாங்கள் கொடுத்த வேறு பெயருள்ள அதே மாத்திரையும் அவர் சேர்த்துச் சாப்பிட்டிருந்தார். நல்லவேளையாகப் பிழைத்தார். அன்றிலிருந்து முகாம் என்றால் முதலில் மருத்துவ அலுவலரைப் பார்த்து நாள் குறிப்போம், அவர்கள் பதிவேட்டிலேயே எழுதுவோம்.

கர்ப்பிணிகளுக்கு?

பிரசவத் தேதி நெருங்கியவர்களைத் தண்ணீர் வருமுன்பே மருத்துவமனைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நல்லது. எச்சரிக்கை வந்த அன்றே செவிலியரிடம் பட்டியல் கேட்டு வண்டி ஏற்பாடு செய்யலாம். வெள்ளத்துக்குப் பிறகு இரும்புச்சத்து மாத்திரை, சத்துமாவு, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்து ஊட்டச்சத்துப் பெட்டகம் எல்லாம் நின்றிருக்கும். அட்டை நனைந்து போனாலும் கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த ஆர்.சி.எச். எண்ணை வைத்துத் தகவலை எடுத்துவிடலாம், பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தடுப்பூசி மருந்து கெட்டுப்போயிருக்குமா?

இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டியவை அவை. கரண்ட் போனதும் பெட்டியைத் திறக்காமல் இருந்தால் கொஞ்ச நேரம் தாங்கும். குப்பியில் ஒட்டியிருக்கும் வட்டத்துக்குள் உள்ள சதுரம், வட்டத்தைவிட வெளிறி இருக்கிறதா என்று செவிலியர் பார்ப்பார், வெளிறி இருந்தால்தான் அந்த மருந்தைப் போடலாம். ஜெனரேட்டரும் டீசலும் கொடுக்க முடிந்தால் முதல் நாளே கொடுங்கள். முகாமில் நெருக்கமாக இருக்கும் குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி விட்டுப்போகக் கூடாது.

குழந்தை மெலிகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, இடது புயத்தின் நடுவில் மூவண்ண அளவுப் பட்டையைச் சுற்றிப் பார்க்க வேண்டும். 12.5 சென்டிமீட்டருக்கு மேல் பச்சை. 11.5-க்கும் 12.5-க்கும் நடுவில் மஞ்சள். 11.5-க்குக் கீழே சிவப்பு, உடனே மருத்துவமனை. இரண்டு பாதத்திலும் கட்டை விரலால் மூன்று விநாடி அழுத்துங்கள். குழி விழுந்தால் பட்டை என்ன சொன்னாலும் கொண்டு போக வேண்டும்.

பட்டையைச் சுற்ற அங்கன்வாடி டீச்சருக்குத் தெரியும். அவருக்கு இல்லாதது நேரம். வெள்ளத்துக்குப் பிறகு கணக்கெடுப்பு, நிவாரணப் பட்டியல் என்று எல்லா வேலையும் அவர் தலையில் விழும். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தால் ஒரு காலையில் ஊர்க் குழந்தைகள் எல்லாரையும் அளந்துவிடலாம். செல்போன் நனைந்திருந்தால் போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலியில் ஏற்றவும் முடியாது. நோட்டில் எழுதி வைத்து அப்புறம் ஏற்றலாம்.

மஞ்சளில் இருக்கும் குழந்தையை வாரம் ஒருமுறை பாருங்கள். வீட்டில் சோற்றோடு ஒரு கரண்டி பருப்பு, அரை முட்டை, ஒரு டீஸ்பூன் எண்ணெய், கொல்லையில் மிச்சமிருக்கும் முருங்கைக் கீரை. அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். வீடே போய் நிற்கிறவரிடம் "பிள்ளையைக் கவனிக்கவில்லையா" என்று ஒருவர் கேட்டதை நான் கேட்டேன். அந்த அம்மா அடுத்த வாரம் அங்கன்வாடிக்கு வரவே இல்லை.

பாம்பு கடித்தால்?

கட்டுப் போடாமல், கீறாமல், உறிஞ்சாமல், நடக்க விடாமல் 108. விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் உண்டு.

பணம் மட்டும்தான் அனுப்ப முடியும். என்ன செய்யலாம்?

நல்லது. பழைய துணியைவிட ஆயிரம் மடங்கு மேல். முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கு அனுப்பலாம். ஊரில் தெரிந்த ஆள் இருந்தால் ஓர் அங்கன்வாடிக்கு மூன்று மாதத்துக்குக் கடலை மிட்டாயும் பழமும் ஏற்பாடு செய்யலாம். காசநோயாளி ஒருவரின் உணவுப் பொருட்களை நி-க்ஷய் மித்ரா திட்டத்தில் ஆறு மாதம் ஏற்றுக்கொள்ளலாம். ஒரே தடவையில் பெரிய தொகையாக அனுப்புவதைவிட ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று பிரித்து அனுப்பினால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

எத்தனை நாள் இருக்க வேண்டும்?

வெள்ளம் வந்த நாலாம் வாரம் பொங்கல் வந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் அதோடு ஊர் திரும்பினார்கள். குறைந்தது மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே தங்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை வந்து, அங்கன்வாடியில் எடை போடும் நாளில் டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டுங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் ஒரு குழந்தைக்கும் எடை இறங்காமலும், தொட்டித் தண்ணீரில் 0.5 குளோரின் இருந்துகொண்டும், செவிலியர் பழையபடி வீட்டு விசிட் போய்க்கொண்டும் இருந்தால் விடைபெறலாம்.

எந்தெந்த எண்களைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்?

ஆம்புலன்ஸ் 108. மருத்துவ ஆலோசனை 104. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. குழந்தைகளுக்கு 1098. தூக்கம் வராமல், மழைச் சத்தம் கேட்டாலே நடுங்குகிறவர்களுக்கு டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. இது செவிலியருக்கும் அங்கன்வாடி டீச்சருக்கும்கூடத்தான், அவர்களிடம் தனியாகச் சொல்லுங்கள். கூடவே ஊர்ச் செவிலியரின் எண்ணும் டேங்க் ஆபரேட்டரின் எண்ணும். ரேஷன் கடைச் சுவரிலோ டீக்கடையிலோ, வெள்ளம் ஏறிய கோட்டுக்கு மேலே, பெயிண்டால்.